கல்லுக்கடியில் நாற்பது எண்ணிக்கை

ஓடையில் நட்டிருக்கும் அளவுகோலைப் பார்த்து நீர்மட்டம் எழுதுவது அம்மாவின் வேலை. காலை ஆறு மணிக்கு ஒரு தரம், மாலை ஆறு மணிக்கு ஒரு தரம். இருபத்தாறு வருடம். தெருவில் அவளுக்கு ஸ்கேலம்மா என்றே பெயர்.

"ஸ்கேலம்மா, ஒரு நாள் லீவு போட்டா ஓடை கோவிச்சுக்குமா?" என்று எதிர்வீட்டுத் தையல்காரம்மா சீண்டுவாள்.

"அது லீவு போடட்டும், நானும் போடறேன்."

ஓடை லீவு போடுகிறதா இல்லையா என்பதே கடைசியில் கேள்வியாகிப் போனது.

மகள் நிலவியல் படித்தவள். அந்த வட்டாரத்தில் நிலக்கரி தேடித் துளை போடும் திட்டத்துக்கு, பாறை அடுக்குகளையும் மேல்மட்ட நீரையும் பற்றி அறிக்கை எழுதும் பொறுப்பு அவளுடையது. வருடம் முழுக்க ஓடும் ஓடையென்றால் கரையிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளித்தான் துளை போடலாம். பருவ ஓடையென்றால் முப்பது போதும். கணினியில் இருந்த பதிவில் கோடை நான்கு மாதமும் பூஜ்யம். வரைவில் 'பருவ ஓடை' என்று எழுதினாள். ஏழாம் எண் துளைக்குக் கரையிலிருந்து நாற்பது மீட்டரில் இடம் குறித்தார்கள். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் அது. அடுத்த வாரம் அம்மா இல்லை.

அலுவலகத்துக்குத் திருப்பித் தரவேண்டிய பதிவேடுகள் தகரப் பெட்டியில் இருந்தன. ஒரு மாதம் கழித்துத்தான் அதைத் திறக்கக் கை வந்தது. மேலே கிடந்ததைப் பிரித்தாள். கோடைப் பக்கம். மட்டம் என்ற கட்டத்தில் பூஜ்யம். அளவுகோலின் அடி வறண்டிருந்தால் அப்படித்தான் எழுத வேண்டும், அது விதி. பக்கத்தில் குறிப்பு என்ற கட்டம். அதில் அம்மாவின் சாய்ந்த கையெழுத்து: 'கோலுக்குக் கீழே கல்லுக்கடியில் கசிவு. குவளை நிரம்ப 40 எண்ணிக்கை.' மறுநாள் 41. அதற்கடுத்து 40. மற்றப் பதிவேடுகளிலும் எல்லாக் கோடையும் அப்படித்தான். மழை பொய்த்த ஒரு வருடம் 55 வரை போயிருந்தது. நின்றதாக ஒரு நாள்கூட இல்லை.

கணினிப் பதிவில் குறிப்புக் கட்டமே கிடையாது. அந்தப் படிவத்தைத் தயாரித்தவள் மகள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், எண் மட்டும் போதும் என்று அந்தக் கட்டத்தை வெட்டியிருந்தாள்.

"நான் எழுதறதுல பாதியைத்தான் ஏத்தறீங்களாமே?" என்று அம்மா அப்போதே கேட்டாள்.

"மீதியெல்லாம் கதைம்மா."

பெட்டியைத் திறந்த மறுநாள், அம்மாவின் குவளையை எடுத்துக்கொண்டு மகள் ஓடைக்குப் போனாள். அலுமினியக் குவளை. வீட்டிலேயே அளந்து பார்த்திருந்தாள், விளிம்பு வரை ஒரு லிட்டர். அளவுகோலைச் சுற்றி வெடித்த மண். நூறு மீட்டர் கீழே, மணற்பாறை முடிந்து களிப்பாறை தொடங்கும் இடத்தில், தண்ணீர் கம்பி மாதிரி விழுந்துகொண்டிருந்தது. மணற்பாறை குடித்த மழை களிப்பாறையைத் தாண்ட முடியாமல் அங்கே வெளியே வருகிறது. களிப்பாறைக்கு அடியில் நிலக்கரி. முதல் வருடப் பாடம். குவளை நிரம்ப 33 விநாடி ஆனது. மேட்டில், நேர் மேலே, ஏழாம் துளையின் முளைக்குச்சி சிவப்பு நாடாவோடு நின்றது. களிப்பாறையில் ஓட்டை விழுந்தால் இந்தத் தண்ணீர் கீழே இறங்கிவிடும்.

பிரிவுத் தலைவர் நல்ல மனிதர். எண்ணைத் தவிர எதையும் நம்ப மாட்டார்.

"நீங்க அளந்தது ஒரு நாள். ஒரு நாளை வெச்சு ஓடைக்கு ஜாதகம் எழுத முடியாதும்மா."

"இருபத்தாறு வருஷக் குறிப்பு இருக்கு சார்."

"எண்ணிக்கைன்னுதானே இருக்கு? நாப்பதுன்னா எத்தனை செகண்டு? அவங்களையே கேட்டு…" பாதியில் வாயை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாக, "வெள்ளிக்கிழமை அறிக்கை போகணும்" என்றார்.

கைபேசியில் ஒரு வீடியோ இருந்தது. அம்மாவுக்கு முட்டி அறுவை நடந்த பிறகு, பயிற்சி சரியாகச் செய்கிறாளா என்று டாக்டர் பார்க்கக் கேட்டு எடுத்தது. சாவுக்குப் பின் அதைத் திறக்கவில்லை. மதியம், அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்து திறந்தாள். அம்மா நாற்காலியில் இருந்தபடி காலை நீட்டித் தூக்கிப் பிடித்திருந்தாள். பத்து எண்ணும்வரை இறக்கக் கூடாது.

"அம்மா, ஏமாத்தாத. வேகமா எண்ணற."

"யாருடி ஏமாத்தறது? இருபத்தாறு வருஷமா இதே வேகம்தான். சந்தேகம்னா ஓடையைப் போய்க் கேளு. பேச வெச்சுக் கெடுத்துட்ட பாரு. முதல்லேர்ந்து… ஒண்ணு, ரெண்டு…"

அன்றைக்குச் சிரித்ததோடு சரி. இன்று கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பத்து எண்ண எட்டு விநாடி. அம்மா ஆறு தரம் முழுசாக எண்ணியிருந்தாள். ஆறிலும் எட்டுதான், கால் விநாடி முன்னே பின்னே. நாற்பது எண்ணிக்கை என்றால் முப்பத்திரண்டு விநாடி.

கணக்குக்கு அது தாராளம். இருந்தும் இன்னொரு தரம் ஓட்டினாள்.

பிரிவுத் தலைவர் வீடியோவை முழுசாகப் பார்த்தார். கடிகாரத்தையும் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு ரெண்டாயிரத்து எழுநூறு லிட்டர். லாரி கூட ரொம்பாது."

"நிக்கலையே சார்."

அவர் வரைபடத்தை இழுத்து ஏழாம் எண்ணை அடித்தார். "இருநூறுக்கு அந்தாண்ட போடுங்க."

வெள்ளிக்கிழமை போன அறிக்கையில் இணைப்பாக ஒரு பக்கம் சேர்ந்தது. 'அளவீட்டாளரின் எண்ணிக்கை: பத்துக்கு எட்டு விநாடி.' அதன் கீழே, 'முந்தைய வரைவில் குறிப்புகள் விடுபட்டது என் பிழை' என்று எழுதி மகள் கையெழுத்துப் போட்டாள்.