சிம்ஃபெரோபோல் விசில்

சனிக்கிழமை காலை. அமெரிக்காவில், பிளசன்டன் வீட்டில் என் மகன் லேப்டாப்பில் உக்ரைன் ஃபுட்பால் லீக் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தான். போரினால் கேலரியில் ஒரு ஆள்கூட இல்லை. திடீரென்று ஒரு விசில். ரெஃப்ரியுடையது இல்லை, வாயில் இரண்டு விரல் வைத்து அடிப்பது. நீளமாக ஏறி, நடுவில் அறுந்து, மறுபடி எழுந்தது. என் கையில் தோசைக்கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

மதுரை வீட்டில், சித்தப்பாவின் டேப் ரிக்கார்டரில் கேட்ட அதே விசில்.

சித்தப்பா சிம்ஃபெரோபோலில் டாக்டருக்குப் படித்தவர். உக்ரைன் தனி நாடானதும் நடந்த முதல் லீக்கில் அந்த ஊர் டீம்தான் சாம்பியன். ரஷ்யா பிடித்துக்கொண்டதால் இன்று அந்த ஊரே லீக்கில் இல்லை. அந்த சீசனில் மைதானத்தில் பதிவு செய்த கேசட்டை, ஷேவ் பண்ணும்போதெல்லாம் போடுவார். சோப்பு நுரை வாசனைக்குள் கூட்டம் இரையும்.

“அதுக்கப்புறம் லீக் எல்லாம் கீவுக்குத்தான். எங்க ஊருக்கு அந்த ஒரே தடவை” என்பார்.

விசில் வந்ததும் ரேஸர் நின்றுவிடும்.

“இது என் ரூம்மேட் கோல்யா அடிக்கிற விசில்டா. அவனைப் புதைச்சதுக்கு அடுத்த வாரம் எடுத்த டேப் இது.”

நான் காதைப் பொத்திக்கொள்வேன்.

“ஹூ இஸ் விசிலிங், அப்பா? தேர்ஸ் நோபடி தேர்” என்றான் மகன்.

மதுரைக்கு போன் போட்டேன். சித்தப்பா ஹலோகூடச் சொல்லவில்லை.

“உனக்கும் கேட்டுச்சாடா?”