எங்கள் தெருவில் ரயில் சத்தத்தை அளந்தார்கள்

இன்று மலேசியாவின் சிம்பாங் அம்பாட்டில், எங்கள் வீட்டு வாசலில் ரயில் சத்தத்தை அளந்தார்கள். சத்தம் அனுமதித்த வரம்பைத் தாண்டினால் தண்டவாளத்தோரம் தடுப்புச் சுவர் கேட்கலாம். சுவர் வந்தால், இரவு ஷிப்ட் முடிந்து வரும் அம்மா பகலில் கொஞ்சம் தூங்குவார்.

அளக்க வந்து மைக்கை ஸ்டாண்டில் பொருத்திய அண்ணன் சொன்னார்: "சரக்கு ரயில் வர்றப்ப யாரும் பேசாதீங்க. பேச்சு கலந்துட்டா ரீடிங் செல்லாது. இன்னைக்கு விட்டா மறுபடி எப்ப வருவோம்னு தெரியாது லா."

அதற்குள் தெருவே கூடிவிட்டது. எல்லோரும் சத்தத்தைப் பற்றிச் சத்தமாகக் குறை சொன்னார்கள். பக்கத்து வீட்டு அங்கிள்தான் அதிகம், அந்த அண்ணனிடம்.

"ஜன்னலே ஆடுது தம்பி! டிவியில ஒண்ணும் கேக்காது!"

தூரத்தில் ஹார்ன் ஒலித்தது. அங்கிளுக்குச் சைகை காட்டினேன். அவர் பார்க்கவே இல்லை.

"போன வாரம்கூட பாரு தம்பி..."

ரயில் வளைவில் தெரிந்தது.

"அங்கிள், வாய மூடுங்க!"

கத்தியது நான்தான். தெரு அடங்கியது. பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின.

அண்ணன் திரையைப் பார்த்தார். "கிளீனா வந்திருச்சு. வரம்புக்கு மேலதான்."

அப்போதும் அங்கிள் வாயைப் பொத்தியபடியே நின்றார். விரல் இடுக்கு வழியாக மெதுவாக என்னிடம் கேட்டார்: "இப்ப பேசலாமாம்மா?"

நாளைக் காலை அவர் வீட்டைத் தாண்டித்தான் நான் பஸ்ஸுக்குப் போக வேண்டும். வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.