காலி அண்ணன் கல்யாணத்துக்கு ஆதாரம்

காலி அண்ணனுக்கு அந்தப் பெயர் தொழிலால் வந்தது. யாராவது இறந்துபோனாலோ, வீட்டை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போனாலோ, உள்ளே கிடக்கும் சாமான்களை அள்ளி வண்டியில் ஏற்றி, விற்பதை விற்று, மிச்சத்தைக் குப்பைக் கிடங்கில் கொட்டி, தரையைத் துடைத்துச் சாவியைக் கையில் கொடுப்பது அவர் வேலை. போனில் யார் கூப்பிட்டாலும் முதல் பேச்சு, "கவலையே படாதீங்க, காலி பண்ணிடலாம்." அப்புறம் அவரை வேறு என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்?

ஊரார் வீட்டு அலமாரிகளைத் திறந்து திறந்து அண்ணனுக்கு மனிதர்கள் மீதே ஒரு சலிப்பு வந்துவிட்டது. மூடி இல்லாத டப்பா ஒரு தட்டு நிறைய இருக்கும். அடுத்த தட்டில் டப்பா இல்லாத மூடிகள் இருக்கும். ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது. "எதுக்குய்யா இதெல்லாம்?" என்று செத்துப்போனவரிடமே கேட்டுவிடுவார். அதனால் தன் வீட்டில் ஒரு துண்டுக் காகிதம்கூடத் தங்கக் கூடாது என்று முடிவெடுத்தார். பெருமையை வேறு கேட்க வேண்டுமே! "நான் செத்தா என் வீட்டைக் காலி பண்ண ஒரே ஒரு ஆள் போதும். அவனும் நடுவுல டீ குடிக்கப் போகலாம்" என்பார். இதைச் சொல்லும்போது மனைவி பக்கத்தில் இருப்பதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை.

மனைவி துணிகளைப் பிரித்துத் திருத்தித் தைக்கும் கடையில் வேலை பார்த்தவர். வெளிநாட்டிலிருந்து வேலைக்காக வந்தவர். முழங்காலில் கிழிந்த பேன்ட்டோடு அண்ணன் அந்தக் கடைக்குப் போக, ஒன்று மாற்றி ஒன்றாக நல்ல பேன்ட்டையும் கிழித்துக்கொண்டு போக, கடைசியில் பதிவு அலுவலகத்தில் மாலை மாற்றிக்கொண்டார்கள். நாலு வருஷம் நன்றாகத்தான் ஓடியது. திடீரென்று கடை மூடப் போகிறது என்றார்கள். கடை போனால் அவர் இங்கே தங்கும் அனுமதியும் போய்விடும். இனி மனைவி என்ற முறையில் விண்ணப்பம் போட்டு, கல்யாணம் நிஜமானதுதான் என்று குடியேற்ற அலுவலகத்தை நம்ப வைக்க வேண்டும். நம்பவில்லை என்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

"அதெல்லாம் ஒரு விஷயமா? நமக்கு நிஜமாத்தானே கல்யாணம் ஆச்சு?" என்று தெம்பாகத்தான் வக்கீலம்மாவிடம் போனார் அண்ணன்.

வக்கீலம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார். "ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த போட்டோ இருக்கா?"

"போன் மெதுவா ஓடுதுன்னு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் அழிச்சிடுவேன் மேடம்."

"ஒருத்தருக்கொருத்தர் அனுப்பின மெசேஜ்?"

"அதையும் சேத்துத்தான்."

வக்கீலம்மா மனைவியைப் பார்த்தார். "உங்க போன்ல இருக்குமே?"

"என் போனையும் இவருதான் சுத்தம் பண்ணுவாரு" என்றார் மனைவி, கூரையைப் பார்த்துக்கொண்டே.

"வாழ்த்து அட்டை? எங்கயாவது சேர்ந்து போன டிக்கெட்?"

"டிக்கெட்டை இறங்கின உடனே போட்டுடணும் மேடம். பையில வெச்சா பை கனக்கும்."

"சரி, கல்யாண ஆல்பம்?"

இதைக் கேட்டதும் அண்ணன் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தார். வீடு மாறிய சமயத்தில், யாரோ ஒருவர் வீட்டில் அள்ளி வந்த பழைய புத்தகங்களோடு ஆல்பமும் வண்டியில் ஏறி, கிடங்குக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மனைவி அப்போது ஒரே வார்த்தைதான் சொன்னார்: "பரவாயில்லை." அதோடு விட்டது என்று அண்ணன் நினைத்திருந்தார்.

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார். "வாடகை ஒப்பந்தம் இருக்கு, பேங்க் கணக்கு இருக்கு. ஒரே வீட்ல ரெண்டு பேர் குடியிருக்கீங்கன்னு அது சொல்லும். புருஷன் பொண்டாட்டின்னு சொல்லாதே! நாலு வருஷம் என்னதான் பண்ணீங்க?"

"வாழ்ந்தோம் மேடம்" என்றார் அண்ணன்.

வீடு திரும்பும்போதும் ஆள் அசரவில்லை. ஆதாரம் இல்லை என்றால் செய்துவிட்டால் போகிறது! அந்த வாரம் ஒரு பெரிய வீட்டைக் காலி செய்யும் வேலை இருந்தது. சோபா இருந்தது, திரைச்சீலை இருந்தது, அலமாரி நிறைய கோட்டும் தொப்பியும் இருந்தன. மனைவியை அங்கே வரச் சொன்னார்.

"இது சரியா வராதுங்க" என்றார் மனைவி.

"நீ சும்மா நில்லு. நான் பாத்துக்கறேன்."

சோபாவில் உட்கார்ந்து பிறந்தநாள் ஆயிற்று. கோட்டு மாட்டி, தோளில் கை போட்டுக் குளிர்காலம் ஆயிற்று. தொப்பியோடு மாடிப்படியில் நின்று சுற்றுலா ஆயிற்று. கூடத்துக்குள்ளேயே குடை விரித்து மழைக்காலமும் முடிந்தது. ஒரே மத்தியானத்தில் நாலு வருஷ இல்லறம் நடத்தி முடித்த மிதப்பில் படங்களை வக்கீலம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

வக்கீலம்மா ஒவ்வொன்றாகப் புரட்டினார். "நாலு வருஷமா இவங்க கட்டைவிரல்ல கட்டு இருக்கே, ஆறவே இல்லையா?"

மனைவி கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தார். தையல் ஊசி ஏறியது அந்த வாரம்தான்.

"சுவத்துல இந்தப் பெரியவர் யாரு? பிறந்தநாள்லயும் இருக்காரு, மழையிலயும் இருக்காரு."

"தெரியலை மேடம்" என்றார் அண்ணன். "வீட்டுக்காரர்னு நினைக்கிறேன். செத்துட்டாரு."

"இதைக் கொண்டுபோய்க் கொடுத்தீங்கன்னா உங்க கல்யாணமும் அவர் போன இடத்துக்கே போயிடும். பொய் ஆதாரம் கொடுக்கறதுக்கு ஒண்ணுமே கொடுக்காம இருக்கலாம். கிளம்புங்க!" வக்கீலம்மாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

படிக்கட்டில் இறங்கும்போது மனைவி பொறுமை இழந்தார். "என் தங்கச்சியை ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடுவீங்க? அவ எதையும் அழிக்க மாட்டான்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். நன்றாகவே தெரியும். அதுதானே சங்கடம்! வேறொரு நாட்டில் இருக்கும் அந்த மச்சினிச்சி சேர்த்து வைப்பதில் சூரப்புலி. சாக்லேட் சுற்றிய தாள்கூட அவளிடம் இருக்கும். அவள் போனில் எந்நேரமும் இடமில்லை என்று ஒரு எச்சரிக்கை மின்னிக்கொண்டே இருக்கும். கல்யாணத்தன்றே அவளுக்குக் "குப்பைத்தொட்டி" என்று பெயர் வைத்தவர் நம் அண்ணன். அன்றிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார். அவளிடம் போய்க் கை நீட்டுவதைவிட, முன்பின் தெரியாத பெரியவர் வீட்டில் குடை பிடித்து நிற்பது அவருக்குச் சுலபமாக இருந்தது.

இப்போது வேறு வழியில்லை. போனை எடுத்தார்.

"என்ன மாமா, அதிசயமா இருக்கு! குப்பைத்தொட்டி கிட்ட என்ன வேலை?"

"அது வந்தும்மா... கல்யாண போட்டோ ஏதாவது..."

"என்ன சொன்னீங்க? சரியாக் கேக்கலை. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

சத்தமாகச் சொன்னார். மூன்றாம் தடவை சொல்ல வைத்துவிட்டுத்தான் அவள் விட்டாள். கல்யாணப் படங்கள் வந்தன. பாதிப் படங்களில் அவளுடைய விரலும் விழுந்திருந்தது. வக்கீலம்மாவுக்கு அது போதவில்லை. கல்யாண நாளுக்கு அப்புறம் என்ன நடந்தது என்று அலுவலகத்தில் கேட்பார்களே என்றார்.

"வேற ஒண்ணு இருக்கு மாமா" என்று, மறுபடி கூப்பிட்டபோது மச்சினிச்சி ஸ்பீக்கரில் இழுத்தாள். "அக்கா எனக்குப் பேசி அனுப்பினது. நாலு வருஷத்துதும் இருக்கு. எல்லாம் உங்களைப் பத்தித்தான்."

"அனுப்பாதடி!" என்று மனைவி அடுப்படியிலிருந்து பாய்ந்து வந்தார். "அனுப்பினே, உன் முகத்துல முழிக்க மாட்டேன்!"

விஷயம் இதுதான். அண்ணன் மீது கோபம் வரும்போதெல்லாம் மனைவி தங்கையிடம் குரல் பதிவில் கொட்டித் தீர்த்திருக்கிறார். தன் போனில் இருந்தது ஞாயிற்றுக்கிழமையோடு போய்விடும், தங்கை போனில் இருந்ததோ போகவில்லை. வக்கீலம்மா இதைக் கேட்டதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதைத்தாங்க நான் கேட்டுட்டு இருந்தேன்! பொய்க் கல்யாணம் பண்ணினவங்க யாராவது நாலு வருஷம் குறை சொல்லுவாங்களா? அவ்வளவையும் ஆபீசர் உட்கார்ந்து கேக்க மாட்டாரு. எழுதிக் கொடுங்க. ஒரு வரி விடக் கூடாது."

மனைவி எழுத மாட்டேன் என்றுவிட்டார். ஆகவே தன்னைப் பற்றிய புகார்களைத் தானே கேட்டுத் தன் கையாலேயே எழுதும் பாக்கியம் அண்ணனுக்குக் கிடைத்தது. மேசையில் காகிதத்தை வைத்துக்கொண்டு போனைப் பக்கத்தில் வைத்தார். மனைவி முதுகைக் காட்டிக்கொண்டு தையல் மிஷினில் உட்கார்ந்தார்.

"இன்னிக்கு என் குடையைத் தூக்கிப் போட்டுட்டாருடி" என்றது போன். "வெளிய மழை கொட்டுது. கம்பி வளைஞ்சிருக்காம். மனுஷனுக்குத்தான் புத்தி வளைஞ்சிருக்கு."

"அது கம்பி வளையலை, உடைஞ்சே போச்சு" என்றார் அண்ணன்.

"எழுதுங்க" என்றார் மனைவி, திரும்பாமல்.

"கஸ்டமர் பேன்ட்டைப் பிரிச்சு வெச்சிருந்தேன். ஒரு காலைக் காணோம். கேட்டா பழந்துணின்னு நெனச்சாராம்! நான் அந்த ஆளுகிட்ட என்னடி சொல்லுவேன்? ஒத்தக் கால்ல வந்து நில்லுங்கன்னா?"

"ஒரு கால் மட்டும் தனியாக் கிடந்தா யாரா இருந்தாலும்..." என்று அண்ணன் ஆரம்பித்தார். மிஷின் கடகடவென்று ஓடியது. மோசமான இடம் வரப்போகிறது என்று தெரிந்தால் மனைவி பெடலை மிதிப்பார். அண்ணன் பதிவைப் பின்னால் தள்ளி மறுபடி கேட்பார். மறுபடி மிஷின் ஓடும். குறட்டையைப் பற்றிய பகுதி முடிவதற்குள் ஒரு தலையணை உறைக்கு நாலு பக்கமும் இரட்டைத் தையல் விழுந்துவிட்டது.

அப்புறம் வந்தது வேறு மாதிரி இருந்தது. குரல் கம்மியிருந்தது. "மூணு நாளா காய்ச்சல்டி. நான் தூங்குறேன்னு நெனச்சு அடுப்படியில பாத்திரம் கழுவுறாரு. சத்தமே வரலை. அந்த ஆளுக்குச் சத்தம் போடாம ஒரு வேலையும் செய்யத் தெரியாது, உனக்குத்தான் தெரியுமே. எனக்கு அழுகையா வந்துச்சு."

அண்ணன் எழுதினார். மிஷின் ஓடவில்லை.

அடுத்தது ஆல்பம்.

"ஆல்பம் போயிடுச்சுடி. பரவாயில்லைன்னு சொல்லிட்டேன். பரவாயில்லையா? வயிறு எரியுது. அம்மா என் பக்கத்துல நிக்கிற ஒரே போட்டோ அதுலதான் இருந்துச்சு. இன்னிக்கு வேலைன்னு சொல்லிட்டுப் போனாரு. ராத்திரி வந்தா அப்படி ஒரு நாத்தம். நகமெல்லாம் அழுக்கு. கிடங்குல போய்த் தோண்டித் தோண்டித் தேடியிருக்காரு. நான் ஒண்ணும் கேட்டுக்கலை. கேட்டா அழுதுடுவாரு. சுடுதண்ணி மட்டும் வெச்சுக் குடுத்தேன்."

அண்ணனுக்குப் பேனா ஓடவில்லை. தேடியது மனைவிக்குத் தெரியாது என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார். அவரை அழ வைக்கக் கூடாது என்று மனைவி கேட்காமல் இருந்திருக்கிறார். அந்தப் புண்ணியவதி அன்று தப்பிக்க விட்ட அழுகையையும் சேர்த்து அண்ணன் இப்போது அழுதார். மேசையில் குனிந்து, வெட்கமில்லாமல், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதார்.

மனைவி எழுந்து வந்து தோளில் கை வைத்தார். "காகிதம் நனையுதுங்க. மறுபடி முதல்லேருந்து எழுதணும்."

"தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"தேடினேன்னு நீங்க சொன்னீங்களா?"

குடியேற்ற அலுவலக நேர்காணலில் அதிகாரி அந்தக் காகிதக் கட்டை முன்னால் வைத்துக்கொண்டு வெகுநேரம் படித்தார். ஓரிடத்தில் வாயைக் கையால் மூடிக்கொண்டார். ஒற்றைக்கால் பேன்ட்டாக இருக்க வேண்டும்.

"உங்க மனைவி சொல்றதெல்லாம் உண்மையா?" என்று அண்ணனைக் கேட்டார்.

ஆயுசுக்கும் மறுத்துப் பேசியே பழகிய மனிதர். வாய் திறந்தார், மனைவியைப் பார்த்தார், மூடிக்கொண்டார். "அத்தனையும் உண்மைங்க. இவங்க போயிட்டாங்கன்னா என்னைப் பத்திச் சொல்ல ஆளே இல்லைங்க."

அனுமதிக் கடிதம் வந்தது. மச்சினிச்சிக்குச் சேதி சொன்னார்கள். "அப்பாடா!" என்றாள். "சரி மாமா, போன்ல இடமே இல்லை. அக்கா பேசினதையெல்லாம் காலி பண்ணிடட்டுமா?"

"கை வெச்சே, தொலைச்சிடுவேன்!" என்று அண்ணன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடியது. "வேணும்னா புதுப் போன் வாங்கித் தர்றேன். ஒண்ணைக்கூட அழிக்காதம்மா. உனக்குக் கோடிப் புண்ணியம்."

அந்த வாரம் முடிவதற்குள் வீட்டில் புதுத் தலைவலி. அனுமதிக் கடிதத்தை அண்ணன் தூக்கிப் போடவில்லை. சத்தியமாகப் போடவில்லை. மிகவும் பத்திரமாக வைத்தார். எங்கே வைத்தார் என்றுதான் தெரியவில்லை. மனைவி அலமாரி, மெத்தை, மிஷின் பெட்டி எல்லாவற்றையும் கலைத்துப் பார்த்துவிட்டு, அடுப்படியில் போய் நின்று போனை வாய்க்கு அருகே பிடித்தார்.

"கேட்டியாடி அநியாயத்தை! நாலு வருஷம் தூக்கிப் போட்டாரு. இப்ப பத்திரப்படுத்த ஆரம்பிச்சிருக்காரு. இதுக்கு அதுவே தேவலை..."

கட்டிலுக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்த அண்ணன் ஒரு கணம் நின்று கேட்டார். பிறகு பூனை மாதிரி நடந்து போய், மனைவி பேசுவது தெளிவாகப் பதியட்டும் என்று மின்விசிறியை நிறுத்தினார்.