வேர்விடாத இலைகள்

அமலராணிக்கு முதல் இலை கொடைக்கானலில் கிடைத்தது. மாதா கோயில் சுவரோரம் உதிர்ந்து கிடந்த, சதைபிடித்த சின்ன இலை. அதைக் கைக்குட்டையில் முடிந்து வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல் கொண்டுவந்தாள். எண்பத்து நாலாம் வருடம் அது. நாகல் நகரைத் தாண்டிய ஒரு சந்தில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். கணவன் அருள்நாதனுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. சின்னதாய் ஒரு மகள்.

அந்த ஒரு இலையிலிருந்துதான் சந்து முழுக்கச் செடி பரவியது. இலையைப் பக்கவாட்டில் திருகி எடுப்பாள். பிய்ந்த இடம் காயும்வரை நிழலில் போட்டுவைப்பாள். பிறகு பால்பவுடர் டப்பாவில் மணலை நிரப்பி, இலையைப் புதைக்காமல் மேலே கிடத்துவாள். கையை நனைத்துத் தெளிப்பதோடு சரி. நூலாக இளஞ்சிவப்பு வேர் இறங்கும். பக்கத்தில் கடுகளவில் ஒரு குட்டிச்செடி எட்டிப்பார்க்கும். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள்.

மறு வருடம் இலைகள் வேர்விட மறுத்தன. ஓரம் கருகி, நசுங்கிய திராட்சைபோலக் கறுத்துச் சுருண்டன. மணலின் மேல் வெள்ளையாக ஏதோ பூத்தது. அடுத்தடுத்த வீடுகளில் நன்றாக வளர்ந்திருந்த செடிகளும் அடியிலிருந்து அழுகின. சந்தின் கோடியில் இருந்த ஜெய்தூன் பீவி வீட்டில் மட்டும் செழித்து நின்றன.

"நீ அதிகமா ஊத்துறியோ?" என்றாள் ஜெய்தூன் பீவி.

"தெளிக்கிறதோட சரி பீவிம்மா. நம்ம சந்துக் கிணத்துத் தண்ணிதான்."

"எனக்கு மகன் கொண்டாற குழாத் தண்ணிதான். இந்த முழங்காலோட எங்க போயி இறைக்க?"

அமலராணி வீட்டுக்கு வந்து இரண்டு டப்பாக்களில் ஒரே மணலை நிரப்பினாள். ஒரே செடியின் இலைகளைக் கிடத்தினாள். ஒன்றுக்குக் குழாய்த் தண்ணீர், மற்றதற்குக் கிணற்றுத் தண்ணீர். குழாய்த் தண்ணீரில் வேர் இறங்கியது. மற்ற டப்பாவில் எல்லாமே கறுத்துப் போயின.

சாயங்காலம் அருள்நாதன் வந்ததும் இரண்டையும் அவன்முன் வைத்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"மண்ணு சரியில்லாம இருக்கும்."

"ரெண்டும் ஒரே மண்ணுதாங்க."

பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு நீட்டினாள். அவன் வாங்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவன் வீட்டில் தண்ணீர் குடித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. கேட்டால் ஷாப்பிலேயே டீ குடித்துவிட்டதாகச் சொல்வான். பாப்பாவுக்குத் தண்ணீரைக் காய்ச்சிக் கொடு என்று தினமும் சொன்னதை அவள் பாசம் என்று நினைத்திருந்தாள்.

"எப்பருந்து தெரியும்?"

"மழைக்கு முன்னாடியே. கழிவுத் தண்ணிய அங்கிட்டு ஒரு பாழுங்கிணத்துல விடுறாங்க. இம்புட்டுத் தூரம் வராதுன்னு நெனச்சேன்."

"அப்படி நெனச்சவரு ஏன் குடிக்கல?"

அவன் எழுந்து தெருக்கதவைச் சாத்தினான். "வெளிய சொல்லிராத. வேல போயிரும்" என்றான்.

உள்ளே மகள் முழங்கையைச் சொறிந்தபடி விளையாடிக்கொண்டிருந்தாள். அந்தத் தடிப்புகளுக்கு அமலராணி தேங்காய் எண்ணெய்தான் தடவிவந்தாள்.

மறுநாள் காலையில் இரண்டு டப்பாக்களையும் எடுத்துக்கொண்டு சந்தில் வீடு வீடாகப் போனாள். சிலர் சிரித்தார்கள். தங்கள் செடிகளைப் பார்த்திருந்த பெண்கள் சிரிக்கவில்லை. மதியத்துக்குள், யாரும் இறைக்காதபடி கிணற்று வாயில் முள்ளை வெட்டிப் போட்டார்கள். அந்த வாரமே அருள்நாதனை வேலைக்கு வர வேண்டாம் என்று ஷாப்பில் சொல்லிவிட்டார்கள்.

சேவுகம்பட்டியில் அவளுடைய அண்ணன் வீட்டுக்குக் குடிபோனார்கள். அருள்நாதன் தென்னந்தோப்பில் தண்ணீர் பாய்ச்சும் வேலைக்குப் போனான். மகளின் தடிப்புகள் அடங்கின. கறுப்புத் தழும்புகள் மட்டும் தங்கிவிட்டன. கணவன் தண்ணீர் மொண்டு கொடுத்தால் அமலராணி இன்னமும் வாங்குவதில்லை.

கோடையில் ஜெய்தூன் பீவியைப் பார்க்கப் பழைய சந்துக்குப் போனாள். குழாய் வறண்டிருந்தது. கிணற்றில் முள் இல்லை. அமலராணி முன்பு குடியிருந்த வீட்டுக்குப் புதிதாக வந்த பெண் இறைத்துக்கொண்டிருந்தாள். அமலராணி ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"லேசா உவர்ப்பாத்தான்க்கா இருக்கு. ஆனா ஊத்து நல்லா ஊறுது," என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.