கலங்கலைத் தாண்டிய முகூர்த்தப் புடவை

அறுபதுகளின் கடைசியில், ஐப்பசி மழை கொட்டித் தீர்த்து வெறித்திருந்த ஒரு பிற்பகலில், காஞ்சிபுரத்துக்கு மேற்கே தாமல் ஏரிக்கரையில் நடந்தது இது. இப்போது என் பேரன் வயதுப் பிள்ளைகள் பட்டை டயர் சைக்கிளில் அதே ஏரியைச் சுற்றிவந்து, சரளைப் பாதையில் ஓட்டினோம் என்று போட்டோ காட்டுகிறார்கள். சந்தோஷம். அந்தப் பாதைக்கெல்லாம் நான்தான் மூத்தவன் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. ஆனால் சைக்கிள் ஏறினால் எனக்கு இணை காஞ்சிபுரத்தில் கிடையாது. ஒரு பட்டுக்கடையில், சுற்று வட்டார வீடுகளுக்குப் புடவை கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. வாலாஜாபாத் பக்கம் பாலாற்று மணலில் எங்கே இறங்கித் தள்ள வேண்டும், திருப்புட்குழிக்குப் பின்னால் வண்டித்தடம் எங்கே பிரிகிறது, எல்லாம் அத்துப்படி. சரளையில் டயரின் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, பின்னால் தள்ளி உட்கார்ந்து, கைப்பிடியை லேசாகப் பிடிக்க வேண்டும். அங்கே சடக்கென்று பிரேக் போடுகிறவன் பல்லைப் பொறுக்குவான்.

அன்றைக்கு நான் கொண்டுபோனது முகூர்த்தப் புடவை. ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊரில் மறுநாள் விடியலில் கல்யாணம். மழையில் ரோட்டுப் பாலம் உடைந்து பஸ் நின்றுபோயிருந்தது. கடையில் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். “பஸ்ஸு இல்லன்னா இன்னா மொதலாளி, நான் இல்லியா?” என்று கிளம்பிவிட்டேன்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். முகூர்த்தப் புடவை கடையை விட்டுக் கிளம்பினால், பெண் வீட்டு மனைப்பலகையில்தான் இறங்க வேண்டும். வழியில் மண்ணில் வைக்கக் கூடாது, நனையவும் கூடாது. அப்படி ஆகிவிட்டால் வேண்டாமென்று திருப்பி விடுவார்கள். மறுநாள் விடியலுக்குள் வேறு புடவைக்கு எங்கே போவது? மல்லுத்துணியில் சுற்றி, தூளி மாதிரி கழுத்தில் கட்டிக்கொண்டேன்.

கரைமேல் ஏறியதும் எனக்கே மிதிக்க மறந்துபோனது. கண்ணுக்கு எட்டின மட்டும் தண்ணீர். ஏரிக்குள் கருவேல மரங்கள் கழுத்தளவு முங்கி நின்றன. காற்று ஒரு வீச்சு வீசினால் அத்தனை தண்ணீரும் மாட்டுத்தோல் மாதிரி ஒருசேரச் சிலிர்த்தது. ஒரு பக்கம் அந்தக் கடல், இன்னொரு பக்கம் பள்ளத்தில் ஊரும் வயலும். நடுவில் சரளைக் கோட்டின்மேல் நான். எத்தனையோ தடவை போன பாதைதான். அன்றைக்கு அது வேறு உலகமாக இருந்தது.

தூரத்திலேயே இரைச்சல் கேட்டது. ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வழிகிற இடம் கலங்கல். அங்கே, என் பாதைக்குக் குறுக்கே, வரிசையாக நட்ட கற்களுக்கு நடுவே தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. பக்கத்துக் காலனியிலிருந்து ஆணும் பெண்ணும் வந்து, கல்லுக்கு ஒருவராகச் சாய்ந்து நின்று மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“யோவ் சைக்கிளு! அங்கியே நில்லு, பாசி வழுக்குது!” என்று கத்தினாள் ஒரு அம்மா. “கழுத்துல இன்னாபா, கொழந்தையா?”

“முகூர்த்தப் பொடவமா.”

“அப்ப வண்டிய வுட்டுட்டு நடந்து வா.”

“பாலாத்தையே ஓட்டிக்கினு வந்தவன் நான். இது இன்னா ஜுஜுபி!”

“ஆமாமா, சமுத்திரத்தையும் ஓட்டுவ. மூஞ்சியே சொல்லுதே!”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம். இறங்கினேன், ஆனால் வண்டியை விடவில்லை. தள்ளிக்கொண்டே தண்ணீரில் கால் வைத்தேன்.

பாதி தூரத்தில் முன்சக்கரம் கல்லில் இடித்துத் திரும்பியது. வண்டியைத் தண்ணீர் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. மூட்டையைக் கழுத்திலிருந்து உருவி இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கினேன். காலடியில் பாசி நழுவுகிறது. கல்லைப் பிடிக்க வேண்டுமானால் ஒரு கையை இறக்க வேண்டும். இறக்கினால் புடவை போச்சு. இறக்காவிட்டால் நான் போச்சு.

அந்த அம்மா எட்டி என் இடுப்பு பெல்ட்டைப் பிடித்தாள். “கைய எறக்காத! நான் புடிச்சிக்கினேன். கைய மட்டும் எறக்காத!”

பக்கத்துக் கல்லில் இருந்தவர் புடவையை வாங்க நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “மீன் புடிச்ச கையாச்சேமா. கண்ணாலப் பொடவைல கவுச்சி அடிச்சா?”

“மண்ணு குடுங்கடா!” என்றாள் அவள்.

அக்கரையிலிருந்து ஏரிமண் உருண்டை ஒன்று கல்லுக்குக் கல் கைமாறி வந்தது. ஒவ்வொருவரும் ஒரு விள்ளல் எடுத்து உள்ளங்கையைத் தேய்த்துக் கழுவினார்கள். நான் அதுவரை கையை இறக்கவில்லை. தோள் இற்றுப்போகும் போலிருந்தது. பிறகு புடவை கிளம்பியது.

அதை எப்படிச் சொல்வேன்! சாயங்கால வெயில். கீழே வெள்ளையாகச் சீறுகிற தண்ணீர். மேலே கை, அடுத்த கை, அதற்கடுத்த கை. நடுவில் மல்லுத்துணி ஒரு பக்கம் விலகி, அரக்கு நிறமும் சரிகையும் வெயிலில் பற்றிக்கொண்ட மாதிரி ஜொலித்தன. சாமி ஊர்வலம் எத்தனையோ பார்த்தவன் நான், கருட சேவைக்குத் தோள் கொடுத்தவன். அன்றைக்குப் போல் மயிர்க்கூச்செறிந்தது இல்லை.

கல்லைப் பிடித்துப் பிடித்து நான் கரையேறியபோது, ஒரு பெரியவர் புடவையைத் தலைமேல் ஏந்தியபடியே நின்றுகொண்டிருந்தார். “கீழே வைக்கக் கூடாதுன்னு நான் சொல்லவே இல்லியே” என்றேன்.

“எங்க ஊட்லயும் கண்ணாலம் நடக்குதுபா” என்றார்.

அங்கிருந்து நடந்தேன். இருட்டுவதற்குள் புடவை மனைப்பலகையில் இறங்கியது. பெண்ணின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் கலங்கலில் நடந்ததைச் சொன்னேன். பெண்ணும் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் தாலி கட்டி முடிந்த நேரம், பந்தலுக்கு வெளியே என் சைக்கிள். கலங்கலில் மீன் பிடித்தவர்கள் வலை போட்டு இழுத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். மணிக்குள்ளே பாசி. “இந்தாபா, உன் மீனு” என்றாள் அந்த அம்மா. அழைத்தும் அவர்கள் உள்ளே வரவில்லை. விஷயம் கேள்விப்பட்டு மணப்பெண்ணே எழுந்து பந்தல் வாசலுக்கு வந்து நின்றது. அந்த அம்மா, பெண் கட்டியிருந்த புடவையைத் தலைப்பிலிருந்து கால்வரை பார்த்தாள்.

“கவுச்சி அடிக்கலியேமா?”

பெண் முந்தானையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, சிரித்துக்கொண்டே இல்லையென்று தலையாட்டியது.

இன்றைக்கு எனக்குச் சொந்தக் கடை, இரண்டு மாடி. எல்லாம் நானே சம்பாதித்தது. அங்கே முகூர்த்தப் புடவை எது விற்றாலும், இரண்டு கையாலும் தலைக்குமேல் ஒருமுறை தூக்கிவிட்டுத்தான் கொடுப்பேன். வாங்குகிறவர்கள் நான் சாமி கும்பிடுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கோ அடுத்த கல்லிலிருந்து அந்தக் கைகள் நீளுகிற மாதிரி இன்னமும் தோன்றுகிறது.