ஒரிஜினல் என்று எழுதிய குமிழ்

எங்கள் ஸ்டுடியோவின் உள்ளறையில் ஒரு பழைய ஆடியோ மிக்சர் இருக்கிறது. ஐந்து கறுப்புக் குமிழ்கள். மூன்றாவது குமிழுக்குக் கீழே ஆஸ்பத்திரி பிளாஸ்திரியை ஒரு துண்டு ஒட்டி, அதன்மேல் நீல மையில் ‘ஒரிஜினல்’ என்று எழுதி வைத்தது நான்தான். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. பிளாஸ்திரி இன்று தேநீர் நிறமாகிவிட்டது, எழுத்து மட்டும் அழியவில்லை. கல்யாண மண்டபத்தில் கேமரா பிடித்துக்கொண்டு வந்த சத்தம், அதாவது அங்கே இருந்தவர்கள் பேசியது, சிரித்தது, ஒருவரை ஒருவர் கூப்பிட்டது எல்லாம் அந்தக் குமிழ் வழியாகத்தான் வரும். அதை மூடி வைப்பது என் வேலை.

இப்போது என் வேலை வேறு. வாசல் பலகையில் ‘பழைய வீடியோ கேசட், போட்டோ டிஸ்க்கில் பதிந்து தரப்படும்’ என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரிக்கு உரியவள் நான். போட்டோவில் தொந்தரவு இல்லை, ஸ்கேனரில் வைத்து எடுத்தால் முடிந்தது. கேசட்டுக்குக் குறுக்கு வழி கிடையாது. மூன்று மணி நேரக் கல்யாணத்தை டிஸ்க்கில் ஏற்ற மூன்று மணி நேரம் ஆகும். பூஞ்சை பிடித்த நாடாவைப் பஞ்சால் துடைத்துப் பொருத்திவிட்டு, எங்கே சிக்குமோ என்று பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். இப்படி ஊரார் கல்யாணங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. எல்லாம் ஒரே கல்யாணம்தான். ஐயர் புகையில் கண்ணைக் கசக்குவார். மாப்பிள்ளைத் தோழன் தலை சீவுவான். பந்தியில் இருப்பவர்கள் கேமராவைக் கண்டதும் வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்திவிடுவார்கள். அவர்களில் பாதிப் பேர் இன்று உயிரோடு இல்லை. என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், “செத்தவங்க சாப்புடறத பாத்துக்கினு இருக்கற வேலை” என்பேன். சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது.

ஊரார் கேசட்டையெல்லாம் மாற்றிக் கொடுத்தவள் என் கல்யாணக் கேசட்டை மட்டும் பீரோவிலிருந்து எடுக்கவே இல்லை. மகள் கேட்கும்போதெல்லாம் நாளைக்கு, அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். சோம்பல் என்று அவள் நினைத்தாள். சோம்பல் இல்லை, பயம். பயத்துக்குக் காரணம் என் அத்தை.

அத்தை என் அப்பாவின் அக்கா. எனக்கு விவரம் தெரியும் முன்பே அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட, ஐயம்பேட்டையில் என்னை வளர்த்தவள் அவள்தான். அவளுக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைத்தாள். எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் தறி ஓடும். அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை அவளுடையது. சமையல் கூடத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி நிறுத்தி அது இன்னும் கரகரத்துப் போயிருந்தது. ரகசியம் பேசத் தெரியாது. நான் முதல் தடவை பரீட்சையில் தோற்றபோது, யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சினேன். “நான் ஏன்மா சொல்லப் போறேன்?” என்று அவள் கேட்டதே தெருக்கோடி வரை கேட்டது.

அவள் போய் வெகு காலமாகிவிட்டது. அப்போது எங்கள் வீட்டிலிருந்த போனில் பேச மட்டும்தான் முடியும், எதையும் பதிந்து வைக்க முடியாது. ரேஷன் கார்டிலிருந்து பெரிதாக்கிய ஒரு படம் சுவரில் இருக்கிறது. குரல் எங்கேயும் இல்லை. சில வருடங்களாக இன்னொரு சங்கடம் சேர்ந்துகொண்டது. அவள் சொன்னவை எல்லாம் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கின்றன, ஆனால் மனதில் அவை என் குரலிலேயே கேட்கின்றன. அத்தையின் குரல் எப்படி இருந்தது என்று எனக்கு மறந்துவிட்டது. அது எங்கேயாவது மிச்சமிருந்தால் அந்த ஒரு கேசட்டில்தான் இருக்க வேண்டும். இருக்காது என்பதும் எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தக் கேசட்டுக்குப் பாட்டு ஏற்றியவள் நான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஸ்டுடியோ முதலாளியை எல்லோரும் மாஸ்டர் என்போம். கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் ஓடுவார். எடுத்து வந்த கேசட்டை நான் இன்னொரு கேசட்டுக்கு மாற்றும்போது, மண்டபத்துச் சத்தத்தை மூடிவிட்டு அதன்மேல் சினிமாப் பாட்டுகளை ஏற்ற வேண்டும். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், ஜனங்களும் அதைத்தான் கேட்டார்கள். “கூச்சல யாரும்மா கேப்பாங்க? ஒரிஜினல மூடு” என்பார் மாஸ்டர். ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது சொல்வார். கேமராவில் எடுத்த கேசட் அடுத்த முகூர்த்தத்துக்குப் போய்விடும். அதன்மேல் வேறொரு கல்யாணம் பதிந்துவிடும். அதனால் நான் மூடினால் மூடியதுதான்.

ஒரு பாட்டு கேசட் முடிந்து அடுத்ததைப் போடும்வரை மூன்று நான்கு விநாடி ஆகும். அந்த நேரம் சத்தமே இல்லாமல் விட்டால், டிவி கெட்டுவிட்டது என்று வாடிக்கையாளர்கள் ஓடி வந்துவிடுவார்கள். ஆகவே அந்த இடைவெளியில் மட்டும் மூன்றாவது குமிழைத் திறப்பேன். மண்டபம் ஒரு கணம் உள்ளே வரும். பாட்டு தொடங்கியதும் மூடிவிடுவேன். மாஸ்டருக்கு அது பிடிக்காது. “கேப் வுடாதம்மா, கேப் வுடாத. சட்டையில ஓட்டை மாதிரி தெரியுது” என்று திட்டுவார்.

என் கல்யாணம் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் திருப்புட்குழிக்காரர்கள். அன்று அத்தை கேமரா போகாத இடத்தில் எல்லாம் இருந்தாள். சாமான் அறை வாசல், மேடைக்குப் பின்னால், பந்திக்கு வெளியே. மேடைக்கு வா என்று முதல் நாளே கூப்பிட்டேன். “நல்ல காரியத்துல என் மூஞ்சி எதுக்கு பாப்பா? நான் பின்னால இருந்து பாத்துக்கினு இருக்கறேன், போ” என்றாள். இரண்டாம் தடவை நான் கூப்பிடவில்லை. அதை இன்று எழுதக் கை கூசுகிறது. தாலி இல்லாதவள் மேடை ஏறினால் மாப்பிள்ளை வீட்டில் ஏதாவது பேசுவார்கள் என்ற பயம் எனக்கும் இருந்தது. அவள் வர மாட்டேன் என்றபோது மனதுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது.

மாஸ்டருக்கும் அந்த வழக்கம் தெரியும். அத்தை இருந்த பக்கம் கேமராவைத் திருப்பவே இல்லை. ஆனால் அவள் தொண்டை சும்மா இருக்குமா? “யாரும்மா அங்க, அட்சதை தட்ட எடுத்துக்கினு வாங்க!” “மாப்ள ஊட்டுக்காரங்க காப்பி குட்சிட்டாங்களா?” “பாப்பா, தலைய நிமித்து, பூ சரியுது பாரு!” மேளத்தையும் மீறி மண்டபம் முழுக்க அவள் குரல்தான். முகம் வராவிட்டாலும் அந்தக் கல்யாணத்தில் எல்லா இடத்திலும் அவள் இருந்தாள்.

மறுவாரமே அந்தக் கேசட் என் மேசைக்கு வந்தது. என் கல்யாணம், நானே பாட்டு ஏற்றப் போகிறேன். பெருமை தாங்கவில்லை. பக்கத்துக் கடையில் இன்னொரு டேப் ரிக்கார்டரை இரவல் வாங்கினேன். ஒன்றில் பாட்டு முடியும் முன்பே மற்றொன்றில் அடுத்த பாட்டைத் தொடங்கினேன். மூன்றாவது குமிழைத் தொடவே இல்லை. இரண்டு நாள் உட்கார்ந்து முடித்தபின் மாஸ்டர் முழுவதையும் ஓடவிட்டுப் பார்த்தார். “கைய குடும்மா. ஒரு கேப் இல்ல” என்றார். அத்தனை வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

ஐயம்பேட்டையில் தெருக்கோடி வீட்டு டிவியில் தெருவே உட்கார்ந்து அதைப் பார்த்தது. அத்தை கதவருகே நின்று பார்த்தாள். முடிந்ததும் வீட்டுக்கு நடக்கையில் கேட்டாள்: “இன்னா பாப்பா, அன்னிக்கி அவ்ளோ கத்துனேன், ஒண்ணுமே கேக்கல?”

“பாட்டு போட்டுட்டேன் அத்தை.”

“நல்லதாப் போச்சி. என் கத்தல எவன் கேக்கறது?” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மாஸ்டர் இப்போது இல்லை, அவர் மகன்தான் ஸ்டுடியோவைப் பார்த்துக்கொள்கிறார். போன மாதம் தாமலிலிருந்து ஓர் அம்மாள் தன் அண்ணன் கல்யாணக் கேசட்டைக் கொண்டுவந்தார். அதுவும் நான் பாட்டு ஏற்றியதுதான். ஆரம்ப காலத்தில் ஏற்றியது, நிறைய ஓட்டைகள். பந்தி ஓடிக்கொண்டிருக்கும்போது பாட்டு நின்று, மூன்று விநாடி மண்டபம் கேட்டது. அதற்குள் ஒரு பெண்குரல், “யார்ரீ அது எலைய திருப்பிப் போட்டது?” என்று அதட்டியது. உடனே பாட்டு. அந்த அம்மாள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “எங்கம்மாங்க! அம்மாதான்! இன்னொரு வாட்டி போடுங்க” என்றார். போட்டேன். இன்னொரு வாட்டி என்றார். எத்தனை வாட்டி என்று நான் எண்ணவில்லை. போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க நல்லா இருக்கணும்மா” என்றார். நான் திட்டு வாங்கிய வேலைக்குக் கிடைத்த வாழ்த்து அது. அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து மாஸ்டரின் மகன், “அக்கா, இந்த டெக்கும் ஹெட்டு போயிக்கினு இருக்குது. ஸ்பேர் எங்கயும் இல்ல. இருக்கற ஆர்டர முடிச்சிட்டு கேசட் வேலைய ஸ்டாப் பண்ணிடலாங்க்கா” என்றார். வீடியோ கேசட்டை ஓட்ட எங்களிடம் இருக்கும் கடைசி இயந்திரம் அது. இனித் தள்ளிப்போட வழியில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் டிரோனை எடுத்துக்கொண்டு ஒரு வளைகாப்புக்குப் போனார். நான் என் கேசட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். படத்தைப் பார்க்கவில்லை; கண்ணை மூடிக் காதை மட்டும் வைத்திருந்தேன். ஒரு பாட்டு முடியும் இடத்தில் எல்லாம் மூச்சைப் பிடித்தேன். ஒரு பாட்டுக்குள் அடுத்த பாட்டு அழகாக இறங்கியது. எங்கேயும் ஒரு விநாடி கசியவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை. இருபத்திரண்டு வயதில் என் கை அவ்வளவு திறமையாக இருந்திருக்கிறது. அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

தாலி கட்டும் நேரம் நெருங்கியபோது கண்ணைத் திறந்தேன். திரையில் மணப்பெண் குனிந்து உட்கார்ந்திருந்தாள். திடீரென்று அவள் தலை இடதுபக்கம், மேடைக்குப் பின்னால் திரும்பியது. யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் கவனமாகக் கேட்டாள். தலையாட்டினாள். ‘சரி அத்தை’ என்று உதடு அசைந்தது. மறுபடி ஏதோ சொல்லியிருக்க வேண்டும், அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மருதாணிக் கையால் வாயை மூடிக்கொண்டாள்.

பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தேன். இன்னொரு தடவை. பூ சரிகிறது என்று சொன்னது அதற்கு முன்பு; இது வேறு ஏதோ. என்ன சொன்னாள்? அப்படிச் சிரிக்கும்படி அத்தை என்னதான் சொன்னாள்? எனக்கு நினைவில்லை. ஊரார் அம்மாக்கள் எல்லாம் என் ஓட்டைகள் வழியாகப் பேசிவிட்டார்கள். என் அத்தை பேசுவதை நான் கேட்பதை மட்டும்தான் என்னால் பார்க்க முடிகிறது.

கை தானாக அலமாரிப் பக்கம் போனது. மிக்சர் தூசியோடு இருந்தது. அதில் ஒரு வயர்கூட இல்லை. இருந்தாலும் பயனில்லை என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் யாரும் இல்லை. ஆனாலும் அந்த மூன்றாவது குமிழைப் பிடித்து, அது திரும்பும்வரை திருகி, முழுசாகத் திறந்தேன். பாட்டு நிற்கவில்லை.