ஆதாரம் கேட்ட வாத்தியார்

அறந்தாங்கியில் என் மகளுக்குத் தமிழ் எடுத்த வாத்தியார் ஒல்லியானவர். யார் எதைச் சொன்னாலும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “ஆதாரம்?” என்று கேட்பார். ஒரு சிறுவன் வளர்ந்து ஆளாகும் நாவலைக் கொடுத்து, அதைப் பற்றி வாதிட்டு வீடியோ எடுத்துவரச் சொன்னார். “பதில் சொல்லத் தெரியாத அப்பாதான் கை நீட்டுவார்” என்று என் மகள் பேசிய வீடியோ வாட்ஸப்பில் ஊரெல்லாம் சுற்றியது.

வகுப்புக்குள் புகுந்து அவரை அறைந்தேன். கண்ணாடி உடைந்து புருவம் கிழிந்தது.

“என்னையப் பத்திப் பேசச் சொல்லிக் குடுத்தியா?”

அவர் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டார். “அது கதையில வர்ற அப்பாங்க. நீங்கதாங்கிறதுக்கு ஆதாரம்?”

மறுபடி கையை ஓங்கினேன். முன் பெஞ்சில் என் மகள், வீட்டில் செய்வதைப் போலவே, இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள்.

அவர் அவளைப் பார்த்தார். அதன்பின் ஆதாரம் கேட்கவில்லை.